ஆன்லைன்ல எல்.எல்.பி. படிக்க எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். வயசு 38, திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில ஹெச்.ஆர். பி.எஃப்., இ.எஸ்.ஐ., பையர் ஆடிட் (துணி வாங்கறவங்க ஃபேக்டரிய வந்து சோதிக்கறது) எல்லாம் நான்தான் பாக்கறேன். பிளஸ் டூ முடிச்சு பி.காம். கரஸ்ல படிச்சேன். கைக்கு 46,000 வருது, வீட்டுக்கடன் இ.எம்.ஐ. 14,500, ஏலச்சீட்டு 5,000. வீட்டுல டியூஷன் எடுக்கறாங்க, 6,000 வரும். எஃப்.டி.ல 2.8 லட்சம் இருக்கு. பொண்ணுக்கு 9 வயசு. ஒரு கன்சல்டன்சில ஆன்லைன் எல்.எல்.பி. 3 வருஷம் 2,10,000 ரூபா, காலேஜ் போகவே வேணாம், பரீட்சைக்கு மட்டும் வெளி ஸ்டேட் போய்ட்டு வந்தா போதும்னு சொல்றாங்க. இல்லன்னா மாசம் 6,500, 36 மாசம். வக்கீல் ஆகணும்னு ரொம்ப நாள் ஆசை, கம்பெனிலயும் சம்பளம் ஏறும்னு நினைக்கறேன். எஃப்.டி.ய உடைக்கறதா, இ.எம்.ஐ. போடறதா?

பதில்: ரெண்டுமே வேணாம் சார். எதுல கட்டறதுன்னு கேக்கறீங்க, ஆனா அவங்க விக்கிற சாமானே சந்தைல செல்லாது, அதை முதல்ல பேசிடலாம்.

நம்ம நாட்டுல எல்.எல்.பி.ய ஆன்லைன்லயோ கரஸ்லயோ நடத்த யு.ஜி.சி. அனுமதியே கிடையாது, மருத்துவம் இன்ஜினியரிங் மாதிரி சட்டமும் அந்த தடை லிஸ்ட்ல இருக்கு. சட்டப் படிப்புக்கும் வக்கீல்களுக்கும் விதி போடற பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவோட 2008 விதிப்படி நேர்ல போய் படிக்கணும், வகுப்பு காலைல 8 மணிலருந்து சாயங்காலம் 7 மணிக்குள்ள நடக்கணும், வாரத்துக்கு 30 மணி நேரம், அட்டெண்டன்ஸ் 70 சதவீதம். ஆன்லைன்ல வாங்குன பட்டத்தை வச்சு வக்கீலா என்ரோல் பண்ண முடியாது, அவ்ளோதான். லண்டன் யுனிவர்சிட்டி கரஸ்ல தர்ற எல்.எல்.பி. நல்ல படிப்புதான், ஆனா அதை எடுத்துட்டு வந்து திருப்பூர் கோர்ட்டுல கோட்டு போட முடியாது.

உங்க கன்சல்டன்சிக்காரர் இதையெல்லாம் தெரியாம சொல்லல. "ரெகுலர்னு சர்டிபிகேட் வரும், நீங்க போக வேண்டியதில்ல"ன்னு அடுத்த ஃபோன்ல சொல்லுவாரு பாருங்க. அது இன்னும் மோசம். திருப்பூர்ல தினமும் ஃபேக்டரில கைரேகை வச்சவரு அதே நாள் வேற ஸ்டேட்டு வகுப்புலயும் இருந்தாருன்னா பி.எஃப். ரெக்கார்டே சாட்சி சொல்லிடும். அதுவும் மாசாமாசம் நீங்களே அப்லோட் பண்ற ரெக்கார்டு! 2024 செப்டம்பர்ல பார் கவுன்சில் சட்டக்கல்லூரிகளுக்கு விட்ட சுற்றறிக்கைல பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ், கேமரா, படிக்கும்போது வேலைல இருந்தா அதைத் தெரிவிக்கணும்னு எல்லாமே கேட்டிருக்காங்க. பொய் சொல்லி சேர்ந்து பின்னால என்ரோல்மென்ட் போச்சுன்னா பணத்தோட பேரும் போகும்.

அந்த 6,500 இ.எம்.ஐ.ய கொஞ்சம் உத்துப் பாருங்க. 36 மாசத்துக்கு 2,34,000, அதாவது 24,000 கூட. இந்த மாதிரி இ.எம்.ஐ. பெரும்பாலும் இன்ஸ்டிடியூட் தர்றது கிடையாது, ஏதாவது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்க பேர்ல போடற கடன், படிப்பை ஆறு மாசத்துல விட்டாலும் இ.எம்.ஐ. ஓடிட்டேதான் இருக்கும், கட்டலன்னா சிபில் ஸ்கோர்ல அடி விழும். கல்விக் கடன் வட்டிக்கு இருக்கற வரிச்சலுகை பழைய ரெஜிம்ல மட்டும்தான், அதுவும் பர்சனல் லோனா போட்டுட்டாங்கன்னா கிடைக்காது.

சரி, நேர் வழில படிச்சா என்ன ஆகும்? கோயம்புத்தூர் அரசு சட்டக் கல்லூரில மூணு வருஷ எல்.எல்.பி. இருக்கு. பிளஸ் டூ முடிச்சுட்டு கரஸ்ல வாங்குன டிகிரி செல்லும், பொதுப்பிரிவுன்னா 45 சதவீதம் மார்க் வேணும். ஃபீஸ் உங்களுக்கு பாரமே இருக்காது. என்ரோல்மென்ட்டுக்கு பார் கவுன்சில் 750 ரூபாய்க்கு மேல வாங்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2024 ஜூலைல சொல்லிடுச்சு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125. அப்புறம் ஏ.ஐ.பி.இ.ன்னு ஒரு அகில இந்தியத் தேர்வு, அதுக்கு சில ஆயிரம். ஆக செலவு அங்க கிடையாது, உங்க சம்பளத்துல இருக்கு. பகல் முழுக்க வகுப்புன்னா வேலைய விடணும், 46,000 வீதம் 36 மாசம், பதினாறரை லட்சம். அதுக்கப்புறம் ஜூனியரா போகணும். ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோவைல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 தரணும்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டு 2024ல சொல்லுச்சு, நடைமுறைல எத்தனை சீனியர் தர்றாங்கன்னு உங்க கம்பெனி வக்கீலோட ஜூனியரையே டீக்கடைக்கு கூட்டிட்டுப் போய் கேட்டுப் பாருங்க. 41, 42 வயசுல மாசம் பதினஞ்சாயிரம், வீட்டுக்கடன் பதினாலரை. டியூஷன் காசுல அரிசி பருப்பு வாங்கணும்.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. முழுநேர சம்பள வேலைல இருக்கறவங்க வக்கீலா பிராக்டிஸ் பண்ண பார் கவுன்சில் விதி விடாது. அதனால "வக்கீல் ஆகணும்"ங்கறதும் "கம்பெனில சம்பளம் ஏறணும்"ங்கறதும் ஒரே டிக்கெட்டுல போற ஊரு கிடையாது, ஏதாவது ஒண்ணுதான்.

எனக்கு என்னவோ உங்களுக்கு இப்ப வேண்டியது ரெண்டாவதுன்னுதான் படுது, ஏன்னா அதுக்கு இப்ப நேரமும் நல்லா அமைஞ்சிருக்கு. 2025 நவம்பர் 21லருந்து நாலு லேபர் கோடும் (புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு) அமலுக்கு வந்துடுச்சு, பழைய 29 சட்டம் அதுக்குள்ள போயிடுச்சு. சம்பளம்னா எது, பி.எஃப். எதுல பிடிக்கணும், கிராஜுவிட்டி யாருக்குன்னு எல்லாம் மாறுது, பேசிக்க சின்னதா வச்சு அலவன்ஸ ஊதி விட்ட சம்பள சிலிப்பு இனிமே நிக்காது, அலவன்ஸ் பாதிக்கு மேல போனா மிச்சத்தை சம்பளத்தோட சேர்த்துடணும். திருப்பூர்ல எத்தனை முதலாளிக்கு இது புரிஞ்சிருக்கு சொல்லுங்க. இதை கரைச்சுக் குடிச்ச ஹெச்.ஆர்.க்கு அடுத்த பையர் ஆடிட்ல இருக்கற மதிப்பு செல்லாத எல்.எல்.பி. சர்டிபிகேட்டுக்கு இருக்காது. லேபர் லா டிப்ளமோ வேலைல இருந்துட்டே படிக்கலாம், நல்ல யுனிவர்சிட்டிலயே இருக்கு, கட்டறதுக்கு முன்னாடி அந்த கோர்ஸ் யு.ஜி.சி. லிஸ்ட்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. இன்னும் உழைக்க தெம்பு இருந்தா கம்பெனி செக்ரட்டரி படிப்பு, சி.எஸ்., வீட்டுல உக்காந்து படிச்சே எழுதலாம், கஷ்டம்தான், ஆனா பி.காம். படிச்சவருக்கு பாதி பாடம் பழகுனது. சி.எஸ். பிராக்டிஸ் பண்றவங்க கம்பெனி லா டிரிபியூனல்ல ஆஜராகவும் முடியும், உங்க கோர்ட்டு ஆசைக்கும் கொஞ்சம் தீனி.

கருப்பு கோட்டு போட்டே ஆகணும்னா தடுக்க நான் யாரு, ஆனா வீட்டுக்கடன் முடியட்டும். அந்த 6,500ஐ இன்ஸ்டிடியூட்டுக்கு கட்டறதா நினைச்சு ஆர்.டி.ல போடுங்க, ஆறரை சதவீதம்னு வச்சாலும் மூணு வருஷத்துல இரண்டரை லட்சத்துக்கு மேல நிக்கும். வீட்டுச் செலவு ஒன்றரை வருஷத்துக்காவது கைல இருக்கணும், வீட்டம்மா வருமானமும் ஏறி இருக்கணும், அப்ப பேசலாம். எஃப்.டி. 2.8 லட்சத்தை தொடாதீங்க, உங்க குடும்பத்துக்கு ஆறு மாச ஆபத்து பணமே அதுதான்.

கன்சல்டன்சிக்கு அட்வான்ஸ் ஏதாவது கட்டிட்டீங்களான்னு எழுதல. கட்டியிருந்தா ஃபோன்ல கெஞ்சாம, இமெயில்ல எழுத்துல திருப்பிக் கேளுங்க, "இந்தப் பட்டத்துக்கு பார் கவுன்சில் அங்கீகாரம் இருக்கா"ன்னு அதே மெயில்ல ஒரு வரி சேர்த்து. தரலன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு. ஆதார், பான் கொடுத்திருந்தா இந்த வாரமே சிபில் ரிப்போர்ட் எடுத்து புதுசா கடன் ஏதும் ஏறியிருக்கான்னு பாருங்க.

நீங்க கேக்காத ஒண்ணு. பொண்ணுக்கு 9 வயசுன்னு போட்டிருக்கீங்க, செல்வமகள் கணக்கு 10 வயசு முடியறதுக்குள்ள ஆரம்பிச்சாத்தான் உண்டு. இப்போதைக்கு 8.2 சதவீதம், வருஷத்துக்கு 250 ரூபா போட்டாலும் கணக்கு உயிரோட இருக்கும். பர்த் சர்டிபிகேட் எடுத்துட்டு நாளைக்கே போஸ்ட் ஆபீஸ் போய்ட்டு வந்துடுங்க.