அப்பா குறிக்கப்படாதவரா?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம்ங்க. எனக்குச் சென்னிமலைப் பக்கம். அப்பா தறிக்காரர். அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே சபைக்குப் போகிறவர். அப்பா கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் அம்மாவை டிவிஎஸ் ஃபிஃப்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர் பேக்கரியில் உட்கார்ந்திருப்பார். போன தை மாதம் தவறிவிட்டார். ஆஸ்பத்திரியில் பேச்சு குழற ஆரம்பித்தபோது அம்மாவிடம், "உங்க சாமிகிட்ட எனக்கும் ஒரு வார்த்த சொல்லு புள்ள" என்றார்.

சமீபத்தில் ஒரு கன்வென்ஷனில் பேசிய ஊழியக்காரர் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்து, "யார் யார் என்று உலகம் உண்டாகும் முன்பே குறித்தாகிவிட்டது. விசுவாசிக்காமல் செத்தவன் குறிக்கப்படாதவன். அவனுக்காக அழுவது வீண்" என்றார். அன்றிலிருந்து அம்மா சபைக்கு வருவதில்லை. சொந்தக்காரர்கள் "எல்லாம் தலையெழுத்து" என்கிறார்கள்.

எல்லாம் அவர் சித்தம் என்றால் மனிதன் பொம்மைதானே? மனிதன் முடிவு என்றால் தேவன் எதற்கு? ஆபீஸில் ஒரு வைஷ்ணவ நண்பன், "எங்களுக்குள்ளும் இதே வழக்குதான். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி என்பார்கள் வடகலையார், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்பார்கள் தென்கலையார்" என்கிறான். நம் வேதாகமம் எந்தப் பக்கம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மாவுக்கு. அந்த ஊழியக்காரர் சொன்ன வார்த்தையைச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்கிற முன்குறித்தலை முழுமையாக நம்புகிற ஒருவருக்கும் கிடையாது. அந்த உபதேசத்தோடு பேர் சேர்த்துச் சொல்லப்படும் கால்வினே, தேவன் மறைத்து வைத்ததைத் துருவாதீர்கள் என்று எச்சரித்துவிட்டுத்தான் அதை விளக்கத் தொடங்குகிறார். யார் உள்ளே, யார் வெளியே என்ற பட்டியல் எந்த மேடைக்கும் வந்து சேரவில்லை. இறந்துபோன ஒருவரின் பெயரை அதில் இல்லை என்று விதவையின் காதுபடச் சொல்வது உபதேசமே அல்ல.

ரோமர் ஒன்பதை எடுத்தாராம். அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? "எனக்கு மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டாயிருக்கிறது." கிறிஸ்துவை ஏற்காத தன் சொந்த ஜனத்துக்காகப் பவுல் துடிக்கிறார். அவர்களுக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் சம்மதம் என்கிறார். அதற்குப் பிறகுதான், களிமண்ணின்மேல் குயவனுக்கு இருக்கிற அதிகாரம் மனிதன்மேல் தேவனுக்கு உண்டு என்கிற உவமை வருகிறது. அதைச் சொல்லி முடித்தவர் பத்தாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, இஸ்ரவேலர் இரட்சிக்கப்பட வேண்டுமென்பதே என் விண்ணப்பம் என்று ஜெபத்துக்குத் திரும்புகிறார். தேவனுடைய தெரிந்துகொள்ளுதலைப் பற்றி அவ்வளவு கடுமையாக எழுதிய கை, அழுவதையும் நிறுத்தவில்லை, ஜெபிப்பதையும் நிறுத்தவில்லை. "அழுவது வீண்" என்பதை அந்த ஊழியக்காரர் எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நிச்சயம் பவுலிடமிருந்து இல்லை.

இனி உங்கள் கேள்வி. அப்போஸ்தலர் பதினாறாம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். ஆசியாவில் வசனத்தைச் சொல்லாதபடி பரிசுத்த ஆவியானவர் பவுலைத் தடுக்கிறார். அவர் கடல் தாண்டி மக்கெதோனியாவுக்குப் போகிறார். பிலிப்பி பட்டணத்துக்கு வெளியே ஆற்றங்கரையில் சில பெண்கள் கூடியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி லீதியாள், இரத்தாம்பரம் என்கிற விலையுயர்ந்த சாயத் துணி விற்கிறவள். ஊர் தியத்தீரா. அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: பவுலுக்கு எந்த ஆசியா அடைக்கப்பட்டதோ, அதே ஆசியாவில். துணி வியாபாரம் தெரிந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இவளைச் சுலபமாகப் புரியும். அந்தச் சாயத் துணி ஏழை எளியவர் வாங்குவதல்ல. வெளியூர்ச் சரக்கை வைத்துப் பணக்காரர்களிடம் வியாபாரம் பண்ணுகிறவள், நாலு பேரை வீட்டில் தங்கவைக்க வசதி உள்ளவள். யார் பேச்சையும் சும்மா நம்பிவிடுகிற ஆள் இல்லை.

அவளைப் பற்றி அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா சொல்கிறார்: "பவுல் சொல்லியவைகளைக் கவனிக்கும்படி கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார்." திறந்தவர் கர்த்தர். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள், கவனித்தவள் அவள். ஞானஸ்நானம் பெற்றவுடன் என் வீட்டிலே வந்து தங்குங்கள் என்று இவர்களை வருந்தி அழைத்தவளும் அவள்தான். பொம்மைக்கு இப்படி வற்புறுத்தத் தெரியாது. தேவன் உள்ளே வந்ததால் அவளுடைய விருப்பம் செத்துப்போகவில்லை, அப்போதுதான் அதற்கு முழு உயிர் வந்தது. அதே அதிகாரத்தில், நடுராத்திரியில் நடுங்கிக்கொண்டு வந்து நிற்கிற சிறைக்காவலனிடம் பவுல், நீ குறிக்கப்பட்டவனா என்று பார்ப்போம் என்று சொல்லவில்லை. "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி" என்று நேராகக் கட்டளை கொடுக்கிறார்.

பிற்பாடு சிறையிலிருந்து அதே பிலிப்பி சபைக்குத்தான் பவுல் எழுதினார்: "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள். ஏனெனில் தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்." நீங்கள் பிரயாசப்படுங்கள், ஏனெனில் அவர் செய்கிறார். நாம் இரட்சிப்பைக் கூட்டு வியாபாரம் மாதிரி நினைத்துக்கொண்டு, தேவன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று கேட்கிறோம். அவர் பங்கு ஏறினால் நம் பங்கு இறங்க வேண்டும் என்று பயப்படுகிறோம். பவுலிடம் அந்தப் பங்குக் கணக்கே இல்லை.

உங்கள் நண்பன் சொன்ன குட்டிகளின் வழக்கு ஆழமானது, அதை மதிக்கிறேன். ஆனால் இரண்டு குட்டிகளுமே தாயை விரும்புகின்றன. வேதாகமம் காட்டும் மனிதன் தாயிடமிருந்து ஓடுகிறவன். மனிதன் தன் சொந்த பலத்திலேயே நல்லவனாகிவிட முடியும் என்று பெலாகியு என்ற பழங்காலப் போதகர் சொன்னபோது, அதே காலத்துப் பிஷப் அகுஸ்தீன் அவ்வளவு மூர்க்கமாக எதிர்த்ததற்கு அதுதான் காரணம். ஓடுகிற கால்களையே யாராவது திருப்ப வேண்டும். 418-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அகுஸ்தீன் பக்கம் நின்றது. 529-இல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கமும் விசுவாசத்தின் தொடக்கமே கிருபையால்தான் என்றது. கூடவே அது சொன்ன இன்னொன்றை அந்த ஊழியக்காரர் கட்டாயம் வாசிக்க வேண்டும்: தீமைக்கென்றே தேவன் சிலரை முன்குறித்தார் என்கிறவர்களை அருவருப்போடு சபிக்கிறோம் என்றது.

பிறகு 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சங்கம் கால்வின் வழியை ஐந்து தலைப்புகளில் உறுதிசெய்தது, கிருபையை மனிதன் தள்ளிவிட முடியும் என்ற அர்மீனியு வழியினர் வெளியேற்றப்பட்டார்கள். சண்டை இங்கிலாந்திலும் வெடித்தது. 1739-இல் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி முன்குறித்தலுக்கு எதிராகப் பிரசங்கித்தார். அவருடைய நண்பரும் கால்வின் வழியில் நின்ற பிரசங்கியாருமான ஜார்ஜ் விட்ஃபீல்டு பகிரங்கக் கடிதம் எழுதி மறுத்தார். 1770-இல் விட்ஃபீல்டு இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்தவர் அதே வெஸ்லி. இந்த இரண்டு பேரின் வழியும் நம் கொங்கு மண்ணில் இருக்கிறது. விட்ஃபீல்டின் வழிவந்தவர்கள் பலர் சேர்ந்து 1795-இல் தொடங்கிய லண்டன் மிஷன், 1830-இல் கோயம்புத்தூரில் கால்வைத்தது. சேலமும் ஈரோடும் அவர்கள் பணி செய்த இடங்கள்தான். கரூரிலும் தாராபுரத்திலும் வெஸ்லியின் வழிவந்த வெஸ்லியன் மிஷன். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இரண்டும் ஒரே சபைக்குள் வந்தன. அவர்களில் யாரும் மற்றவரின் செத்துப்போன உறவினர்களை நரகத்துக்கு அனுப்பி அந்த ஐக்கியத்தைக் கட்டவில்லை.

நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்பீர்கள். கிருபைதான் முந்துகிறது. வெஸ்லியும் அதையேதான் சொன்னார். "பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்" என்ற வசனத்தை யாரும் அழிக்க முடியாது. வழக்கெல்லாம், அந்தக் கிருபையை மனிதன் தள்ளிவிட முடியுமா என்பதில்தான். முடியும் என்றே நம்புகிறேன். எருசலேமைப் பார்த்து இயேசு, நான் எத்தனை தரமோ மனதாயிருந்தேன், "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்றார். அந்த நகரத்துக்காக அவர் கண்ணீர் விட்டார் என்றும் லூக்கா எழுதியிருக்கிறார். உங்கள் சொந்தக்காரர்கள் சொல்லும் தலையெழுத்துக்கு யார் மேலும் ஆசை கிடையாது. எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படச் சித்தமுள்ளவர் என்று வேதாகமம் சொல்லும் தேவன் அப்படிப்பட்டவர் அல்ல.

அப்பாவைப் பற்றி. அவர் பரலோகத்தில் இருக்கிறார் என்று நான் எழுதித்தர மாட்டேன், அதுவும் என் அதிகாரத்தில் இல்லை. ஆனால் "எனக்கும் ஒரு வார்த்த சொல்லு" என்று அவர் கேட்டாரே, அதைத் தம்பி, நீங்கள் குறைத்து எடைபோடாதீர்கள். யாருடைய இருதயத்தையும் திறக்க வல்லவர், பேச்சு குழறிய ஒரு மனிதனை விட்டுவிட்டார் என்று சொல்ல நமக்கு ஆதாரம் எதுவும் இல்லை. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று சொன்னவர் கையில் அவரை ஒப்படையுங்கள். சிலுவையில் தொங்கிய கள்ளனும் ஞானஸ்நானம் வாங்கவில்லை.

அம்மாவை நீங்களாக வற்புறுத்தாதீர்கள். உங்கள் சபைப் போதகர் ஐயரிடம் நடந்ததைச் சொல்லி, வீட்டுக்கு வந்து அம்மாவோடு கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள். ரோமர் ஒன்பதை அவர் எடுத்தாலும் எடுக்கட்டும், பதினொன்றின் கடைசி வசனம்வரை நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்