தயிர் மேல் விழுந்த பழி

கேள்வி: டீச்சர், வணக்கம். தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். கடந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, வண்டியில் தெருவுக்கு வந்தவரிடம் நான்கு கானாங்கெளுத்தி வாங்கினேன். மஞ்சளும் உப்பும் போட்டு ஐந்து முறை கழுவி, மசாலா தடவி அடுப்பு மேடையில் ஊறவைத்து, இரண்டரை மணிக்கு வறுத்தேன். நான் இரண்டு மீன் சாப்பிட்டேன். கடைசியில் ஒரு கை தயிர் சாதமும் சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து காந்தின. மிளகைக் கடித்ததுபோல் நாக்கு எரிந்தது. நெஞ்சு படபடத்தது. டாக்டர் ஊசி போட்டு, “மீன் அலர்ஜியாக இருக்கலாம்” என்றார். இரவுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு மீன் சாப்பிட்ட என் மாமியாருக்கும் தலைவலி, வயிற்றுப்போக்கு. ஆனால் அது வெயிலால் வந்தது என்கிறார். ஒரு மீன் சாப்பிட்ட கணவருக்கு எதுவும் இல்லை. மீனையும் தயிரையும் சேர்த்ததால் வந்த வினை இது, அடுத்து உடம்பில் வெள்ளைத் திட்டு வரும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். அவர் மீன் சமைத்த நாளில் தயிரைத் தொடவே மாட்டார். சின்ன வயதிலிருந்து கானாங்கெளுத்தி சாப்பிட்டு வளர்ந்தவள் நான். இனி மீனே கூடாதா? மூன்று வயது மகளுக்கும் நிறுத்திவிட்டேன். இன்னொன்று, மீன் கழுவிய கையில் வாடை போக என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் மாமியாருக்குத் தலைவலி வந்தது. அவர் தயிரைத் தொடவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் அம்மா. தயிர் அப்போதே விடுதலையாகிவிடும். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம், அதில் நான் தலையிட மாட்டேன்.

வெள்ளைத் திட்டு பயத்தை முதலில் முடித்துவிடுவோம். தோலுக்கு நிறம் தரும் செல்களை, நோயை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவல்படையே பகைவர் என்று எண்ணி அழித்துவிடுவதுதான் வெண்புள்ளி. உலகில் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு அது இருக்கிறது. மீன் வாடையே அறியாத சைவக் குடும்பங்களிலும் வருகிறது. வங்காளத்தில் மீனைத் தயிரிலேயே வேகவைத்து, ‘தோய் மாச்’ என்று பெயர் வைத்துக் கல்யாணத்தில் பரிமாறுகிறார்கள். அந்த ஊரே திட்டுத் திட்டாக இருக்கிறதா என்ன? ‘வெண்குஷ்டம்’ என்று இன்னமும் சிலர் சொல்வது அதைவிடப் பெரிய அநியாயம். தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது, 1873-இல் நார்வேயின் ஹான்சன் கண்டறிந்தது. அதற்கும் வெண்புள்ளிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரியவர்கள் சொன்னது எதுவானாலும் உள்ளே ஓர் அறிவியல் இருக்கும் என்று தேடிப்பிடித்துத் தருபவர்கள் உண்டு. நான் அந்த வேலையைச் செய்வதில்லை. இது வெறும் பயம், அவ்வளவுதான்.

அப்படியானால் அன்று நடந்தது என்ன? நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன: ஹிஸ்டமின். மீனில் உருவாகும் இந்த நஞ்சால் வரும் தொல்லைக்கு ‘ஸ்காம்ப்ராய்டு’ என்று பெயர். கானாங்கெளுத்தி, சூரை, வஞ்சிரம் ஆகியவை சேர்ந்த மீன் குடும்பத்தின் அறிவியல் பெயரிலிருந்து வந்த சொல் அது. மத்தி, கவலை, நெத்திலி ஆகியவை அந்தக் குடும்பம் இல்லை என்றாலும் அவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு.

ஏன் இந்த மீன்களுக்கு மட்டும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சூரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது நின்றால் மூச்சுவிட முடியாது. வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் தண்ணீர் பாயும். கானாங்கெளுத்தியும் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டே இருக்கிற மீன். இப்படி ஓயாமல் உழைக்கும் தசையில் அமிலம் சேரும். அதைச் சமாளிக்க அந்தத் தசை ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தாராளமாகச் சேர்த்துவைத்திருக்கிறது. ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் சிவப்புப் பொருளும் அதிகம் என்பதால்தான் அந்தச் சதை கறுத்துத் தெரிகிறது. சங்கராவுக்கும் வவ்வாலுக்கும் இந்த ஓட்டம் இல்லை, வெள்ளைச் சதை, ஹிஸ்டிடினும் குறைவு.

மீன் உயிரோடு இருக்கும்வரை ஹிஸ்டிடினால் யாருக்கும் கெடுதல் இல்லை. செத்த பிறகு, அதன் செவுளிலும் குடலிலும் ஏற்கெனவே குடியிருக்கும் சில பாக்டீரியாக்கள் சதைக்குள் பரவி, ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றத் தொடங்கும். பனிக்கட்டிக் குளிரில் அந்த வேலை ஏறத்தாழ நின்றுபோகும். மே மாதத்துச் சென்னை வெயிலில் சில மணி நேரம் போதும்.

இதில் வம்பு என்னவென்றால், உருவான ஹிஸ்டமினை அடுப்பு அழிக்காது. எண்ணெயில் பொரித்தாலும் சரி, குழம்பில் கொதித்தாலும் சரி, பிறகு ஃப்ரீசரில் வைத்தாலும் சரி, அது அப்படியே இருக்கும். 1973-இல் அமெரிக்காவில் டின்னில் அடைத்த சூரை மீனைச் சாப்பிட்டு இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இதே போல முகம் சிவந்து மருத்துவரிடம் போனார்கள். டின்னில் அடைக்கும்போது எவ்வளவு சூடு கொடுப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே நீங்கள் ஐந்து முறை கழுவியதும், மஞ்சள் போட்டதும் மேலே இருந்த அழுக்கையும் வாடையையும் குறைத்திருக்கும், அதற்குமேல் எதுவும் செய்திருக்காது. மூக்கையும் நம்ப முடியாது. வாடையில்லாத, பார்க்க நன்றாக இருக்கிற மீனிலும் ஹிஸ்டமின் இருக்கலாம்.

கணவர் மட்டும் எப்படித் தப்பினார்? நான்கும் தனித்தனி மீன்கள். ஒன்று கூடையின் அடியில் ஈரத்தில் கிடந்திருக்கும், இன்னொன்று மேலே வெயில் வாங்கியிருக்கும். ஒரே மீனில்கூட ஓரிடத்தில் அதிகமும் ஓரிடத்தில் குறைவுமாக இருப்பதுண்டு. போதாக்குறைக்கு நீங்கள் சாப்பிட்டது இரண்டு.

ஊசி போட்ட டாக்டரையும் குறை சொல்ல மாட்டேன். அலர்ஜி வரும்போது நம் உடலே வெளியிடுகிற பொருளும் இதே ஹிஸ்டமின்தான். அங்கே உடம்பு அதைத் தானே சுரக்கிறது, இங்கே அது தட்டில் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான். வித்தியாசம் கதையில் இருக்கிறது. மீன் அலர்ஜி என்பது மீனின் ஒரு புரதத்தின் மீது உடம்புக்கு இருக்கும் பகை. அது உள்ளவருக்குப் பெரும்பாலும் அந்த மீன் எப்போது வயிற்றுக்குள் போனாலும் தொல்லைதான். சின்ன வயதிலிருந்து சாப்பிட்ட மீனால், ஒரு நாள் மட்டும், அதே சட்டியில் சாப்பிட்ட இன்னொருவருக்கும் சேர்த்து வந்தது என்றால் என் சந்தேகம் ஹிஸ்டமின் மேல்தான். ஆனால் நான் வேதியியல் டீச்சர், டாக்டர் இல்லை. அலர்ஜி மருத்துவர் ஒருவரிடம் இந்தக் கதையை அப்படியே சொல்லி, தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்துகொண்ட பிறகு மீனைத் தொடுங்கள். அதற்கு முன் “சும்மா ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்க்கலாமே” என்ற சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். எப்போதாவது தொண்டை அடைத்தாலோ, மூச்சு இழுத்தாலோ, மயக்கம் வந்தாலோ அது எதனால் என்று யோசித்துக்கொண்டு உட்காராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அலர்ஜி இல்லை என்று தெரிந்துவிட்டால், மாற்ற வேண்டியது மீனை அல்ல, மீன் வாங்குகிற விதத்தை.

நம் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. “நாங்கள் ஐஸ் மீன் வாங்க மாட்டோம்.” ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த நானும் இருபது வயது வரை இதைச் சொல்லித் திரிந்தவள்தான். அது தலைகீழான பெருமை. காசிமேட்டுக்கு வரும் விசைப்படகுகள் கடலில் பல நாள் தங்கித்தான் திரும்புகின்றன. பிடித்த கையோடு ஐஸில் புதைத்த மீன் ஏலத்துக்கு வரும்போது நன்றாகவே இருக்கும். விடியற்காலையில் பைபர் படகில் வந்து, ‘இப்போதுதான் கரைக்கு வந்தது’ என்ற பெயரோடு, கூறு கட்டி, வெறும் பலகையில் பதினொரு மணிவரை வெயில் காய்ந்த மீன் அதைவிட மோசம். எனவே “ஐஸ் மீனா?” என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். “ஐஸ் எங்கே?” என்று கேளுங்கள். உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரியிலேயே நிற்கும். உடைத்த ஐஸ் மீனின் இரண்டு பக்கமும் ஒட்டிக் கிடக்க வேண்டும். பெட்டியின் ஒரு மூலையில் பாளமாகக் கிடப்பது அலங்காரம். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கணக்கு.

என் ஆயா தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்றவர். ஐஸ் வாங்கக் காசு இருக்காது. ஈரச் சாக்கை மடித்து மூடி, குழாயைக் கண்ட இடத்திலெல்லாம் நனைத்துக்கொள்வார். சாக்கின் ஈரம் ஆவியாகும்போது கூடையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும் என்று எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கானாங்கெளுத்தி மட்டும் ஒன்பது மணிக்குமேல் மீந்திருந்தால் அதை விற்கவும் மாட்டார், வீட்டுக்கும் கொண்டுவர மாட்டார். ‘சொணை ஏறிடுச்சு’ என்பார். அந்தச் சொணைதான் ஹிஸ்டமினோ என்னவோ.

நீங்கள் வாங்கிய மாதத்தையும் கவனியுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்கான காலம். அந்த நாட்களில் நம் சந்தைக்கு மேற்குக் கரையிலிருந்து லாரியில் மீன் வருகிறது. வழியில் ஐஸ் குறைந்தால் கேட்பார் யார்? உங்கள் நான்கு மீனும் அப்படி வந்தவை என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் தடைக்காலத்தில் கறுப்புச் சதை மீன் வாங்கும்போது இரட்டிப்புக் கவனம் நல்லது. அந்தச் சமயத்திலும் கரைக்குப் பக்கத்தில் மீன் பிடிக்கும் பைபர் படகுகள் போகும். காலையிலேயே போய், அவர்கள் கொண்டுவரும் மீனில் கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே மூடியுள்ள தூக்கு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். மீன் விற்கிறவரிடம் இரண்டு கை ஐஸ் கேட்டால் பெரும்பாலும் முகம் கோணாமல் தருவார்கள். செவுளையும் குடலையும் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள், பாக்டீரியா குடியிருப்பது அங்கேதான். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ். முக்கியமாக, மசாலா தடவிய மீன் ஊற வேண்டியதும் ஃப்ரிட்ஜுக்குள்தான், அடுப்பு மேடையில் இல்லை. மே மாத மதியம் ஒரு சமையலறையில் இரண்டு மூன்று மணி நேரம் என்பது அந்தப் பாக்டீரியாக்களுக்கு நாம் போடும் பந்தல். வண்டிக்காரர் பாதி வேலையைச் செய்திருந்தால் மீதியை நீங்கள் செய்திருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் பல வருடம் அப்படித்தான் ஊறவைத்தேன்.

மகளுக்கு ஏன் நிறுத்தினீர்கள்? அவளுக்கு முன்பு மீனால் எந்தத் தொல்லையும் வந்ததில்லை என்றால் தாராளமாகக் கொடுங்கள். முதலில் சங்கரா, முள் பார்த்து. மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவற்றில் இருக்கிற ஒமேகா-3 கொழுப்பு வளரும் மூளைக்கு நல்லது. அந்தக் கொழுப்பும் மீனின் சொந்தச் சரக்கு இல்லை. கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வெயிலில் சமைத்ததை, அவற்றைத் தின்ற நுண்ணுயிர்கள் வழியாக மீன் வாங்கி வைத்திருக்கிறது. நெத்திலியை முள்ளோடு மென்று தின்னும் வயது வந்ததும் கால்சியத்துக்கு அதுவும் ஒரு நல்ல வழி.

கடைசியில் கை வாடை. கடல் மீனின் உடம்பில், உப்புத் தண்ணீரைத் தாங்குவதற்காக ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெத்தில் அமீனாக உடைக்கும்போதுதான் கவிச்சி கிளம்புகிறது. அமீன் காரத்தன்மை உள்ளது, அதாவது புளிப்புக்கு எதிர்க்குணம், மிளகாய்க் காரம் இல்லை. புளிப்பு பட்டால் உப்பாக மாறி, காற்றில் கிளம்பாமல் தண்ணீரோடு போய்விடும். மீன் குழம்பில் புளி ஊற்றுவது ருசிக்கு மட்டும் அல்ல. ஏரி மீனுக்கு இந்தக் கவிச்சி குறைவு, பதிலாகச் சேற்று வாடை வரும். அதற்குக் காரணமான ஜியோஸ்மின், முதல் மழைக்கு மண்ணிலிருந்து எழும் மணத்திலும் இருக்கிற அதே பொருள். மழை நாளில் மூக்கை விரித்து முகர்கிறோம், கெண்டையில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அதுவும் புளிக்குப் பணியும்.

சோப்பு பொதுவாகக் காரம், கவிச்சியும் காரம். அதனால்தான் முதலில் சோப்பைப் போட்டுத் தேய்த்தால் வாடை சட்டென்று போவதில்லை. குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையைத் தூக்கிப் போடாமல் அதைக்கொண்டு விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு அதற்குப் பிறகு. குழம்பு வைக்காத நாளில் பிழிந்த எலுமிச்சைத் தோல் போதும். கையில் கீறல் இருந்தால் எரியும், முன்பே சொல்லிவிட்டேன்.