பரம்பரை வழுக்கை உள்ளவர்கள் தங்கள் கையாலேயே முடியை இன்னும் கெடுத்துக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். ஏறக்குறைய இரண்டு வருடம் நானே அதைச் செய்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 30 வயதிலேயே உச்சி வழுக்கையாகிவிட்டது. எனக்கு 27இல் தெரிந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பார்பர் கடையில் பின்னந்தலையைக் காட்டக் கண்ணாடியைப் பிடித்த அண்ணன், வழக்கத்தைவிடச் சீக்கிரம் அதை இறக்கிவிட்டார். அன்றிரவு செந்தூல் வீட்டுக் குளியலறையில் என் 'சோதனை' ஆரம்பமானது. ஒரு கொத்து முடியை விரலால் பிடித்து இழுப்பேன், எத்தனை வருகிறது என்று எண்ணுவேன், பயமாக இருந்தால் மறுபடி இழுப்பேன். பயம் இல்லாத நாளே கிடையாது.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். விழத் தயாராக இருந்தது இழுத்தால் வரும், அதில் நஷ்டமில்லை. நான் இழுத்த இழுப்பில் வளர்ந்துகொண்டிருந்ததும் வந்தது, பாதியில் அறுந்தும் போனது. பரம்பரை வழுக்கையில் டிஎச்டி என்ற ஹார்மோன் வேர்ப்பையைச் சுருக்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடியாகிவிடும். அப்படி மெலிந்துகொண்டிருக்கும் முடியைத்தான் நான் தினமும் இழுத்துப் பார்த்தேன்.

அப்புறம் வெங்காயம். சௌகிட் சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கி, பூண்டும் சேர்த்து அரைத்துச் சாறு பிழிந்து தேய்த்தேன். எரிந்தால் வேலை செய்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நன்றாகவே எரிந்தது. மூன்றாவது வாரம் தலைத்தோல் உரிந்து சட்டைக் காலரில் விழ, பொடுகு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். "டேய், தலகாணி உறையெல்லாம் சாம்பார் வாடை அடிக்குதுடா" என்று அம்மா கத்தியதுதான் மிச்சம். வெங்காயச் சாறு பற்றி 2002இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது உண்மைதான். ஆனால் அது திட்டுத் திட்டாக முடி கொட்டும் புழுவெட்டுக்குச் செய்தது. புழுவெட்டு வேறு, இது வேறு.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டையும் போட்டேன். முருகனிடம் சொன்ன காரணம் ஒன்று, மனதில் இருந்த காரணம் வேறு. மழித்த முடி முளைக்கும்போது முனை மொட்டையாக இருப்பதால் சொரசொரவென்று அடர்த்தி போலத் தெரியும், அவ்வளவுதான். மொட்டையால் கெடுதலும் இல்லை. சொல்லப்போனால், இழுப்பதற்கு ஒன்றும் இல்லாத அந்த இரண்டு மாதம்தான் என் தலைக்கு ஓய்வு.

கடைசியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு அவர் இரண்டு விஷயத்தைப் பிரித்துச் சொன்னார். தடித்த முடியும் மெலிந்த முடியும் கலந்து கிடப்பது பரம்பரை. அறுந்த கட்டைமுடியும் சிவந்த தோலும் என் கைங்கரியம். முதலாவதற்கு மருந்து, இரண்டாவதற்குக் கையைக் கட்டு என்றார்.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். உதிர்ந்த முடியை வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனியில் ஊசிமுனை அளவு வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் துண்டாக இருந்தால் அறுந்தது. அறுந்த துண்டுகளே நிறைய என்றால் சீப்பு, தலை துவட்டும் துண்டு, சாயம், நகம் இவற்றில் ஒன்றைச் சந்தேகப்படுங்கள். ஈரத்தலையில் முடி பலவீனமாக இருக்கும், அப்போது சீப்பை வைத்து இழுக்காதீர்கள். அரிப்பும் எரிச்சலும் இருந்தால் கடையில் இன்னொரு எண்ணெய் வாங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு தவறும் செய்தேன். மினாக்ஸிடில் என்ற முடி வளர்ப்பு மருந்தைத் தொடங்கிய ஆறாவது வாரம் இன்னும் அதிகமாகக் கொட்டியது, பயந்து நிறுத்திவிட்டேன். தொடக்கத்தில் சிலருக்கு அப்படிக் கொட்டும். பழைய முடி விழுந்துதான் புதியது முளைக்கிறது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், விட்டால் பலனும் போய்விடும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

தோல் ஆறிவிட்டது, உச்சி முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, முன்நெற்றி போனது போனதுதான். கை மட்டும் இன்னும் பழக்கத்தை விடவில்லை. சிவப்பு விளக்கில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் தானாக உச்சிக்குப் போய் ஹெல்மெட்டில் முட்டிக்கொண்டு திரும்பும். ஹெல்மெட் போட்டுத்தான் எனக்கு முடி கொட்டியது என்று மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.