வியர்த்தால் சிறுநீர் குறையலாமா?

கேள்வி: வயது 41. பிச்சாவரத்தில் காலை முதல் மாலை வரை துடுப்பு போடுகிறேன். வெயில் காலத்தில் பகலில் இரண்டு முறைதான் சிறுநீர் போகிறது. அடர் மஞ்சளாக, எரிச்சலோடு. கண்டல் இலை உப்பை வெளியே தள்ளுவதுபோல நமக்கும் கழிவு வியர்வையிலேயே போய்விடும் என்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் கால்சியம் ஆக்சலேட் கல் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?
- வாசகர், கிள்ளை

பதில்: ஆமாம், இதை அப்படியே விடாதீர்கள்.

வெண்கண்டல் இலையை வெயில் ஏறியபின் தடவிப் பாருங்கள், விரலில் நறநறவென உப்பு ஒட்டும். வேர் தடுத்தது போக மீறி ஏறிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் உமிழ்கின்றன. பக்கத்திலேயே நிற்கும் சுரபுன்னைக்கு அந்தச் சுரப்பி கிடையாது, அது வேரிலேயே உப்பை மறித்துவிடுகிறது. நம் வியர்வையின் வேலை வேறு: உடம்பைக் குளிர வைப்பது. அதில் போவது தண்ணீரும் உப்பும்தான், யூரியா கொஞ்சம்தான். புரதம் செரித்து உண்டாகும் யூரியாவைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும்.

சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, 99 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விடும் ஏடிஹெச் ஹார்மோன் இன்னும் இழுத்துப் பிடிக்கச் சொல்லும். எவ்வளவு இழுத்தாலும் கழிவைக் கரைக்க நாளுக்கு அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். அந்த விளிம்பில் நாள் கணக்கில் ஓட்டினால் கல் திரும்ப வரும். சேப்பங்கிழங்கு நாக்கில் அரிப்பதும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால்தான். செடி அதைச் செல்லுக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும். நமக்கு அந்த வசதி இல்லை, சிறுநீர் கெட்டியானால் படிந்துவிடும்.

கல் வந்தவருக்கு இலக்கு குடிக்கும் அளவல்ல, போகும் அளவு: நாளுக்கு 2.5 லிட்டர் சிறுநீர். ஒரே ஒரு விடுமுறை நாளில், 24 மணி நேரமும் லிட்டர் பாட்டிலில் பிடித்து அளந்து பாருங்கள். வேலை நாளில் படகில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் எடை போடுங்கள். ஒரு கிலோ குறைந்தால் இன்னும் ஒரு லிட்டர் பாக்கி. தாகத்துக்குக் காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. குடியுங்கள். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடலாம். படுக்கும் முன் இரண்டு டம்ளர் அவசியம், ஏனெனில் இரவில்தான் சிறுநீர் அதிகம் கெட்டியாகிறது.

நீராகாரம், மோர் நல்லது. அதிக வியர்வை இல்லாத நாளில் உப்பைக் குறையுங்கள், கருவாடும் ஊறுகாயும் சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும். தினம் ஒரு எலுமிச்சையைத் தண்ணீரில் பிழிந்து குடியுங்கள், அதிலுள்ள சிட்ரேட், கல் படிவதைத் தடுக்கும். பண்ருட்டி முந்திரியில் ஆக்சலேட் நிறைய, கைப்பிடி கணக்கில் வேண்டாம். தயிரை மட்டும் நிறுத்தாதீர்கள்! அதிலுள்ள கால்சியம், சாப்பாட்டிலுள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள். உடம்பு வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும்.

எரிச்சலுக்குக் கெட்டியான சிறுநீர் மட்டுமல்ல, கிருமித்தொற்றும் காரணமாகலாம். இந்த வாரமே சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டுகிறதா என்று காட்டும் ரத்தச் சோதனை), வயிற்று ஸ்கேன் பார்த்துவிடுங்கள். இடுப்போர வலியோடு குளிர்காய்ச்சல், நிற்காத வாந்தி, 12 மணி நேரம் சிறுநீரே வராதது, இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல் சிதம்பரத்தில் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.