உப்புக்காற்றில் உதிரும் காந்தம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பழுது பார்க்கிறேன். தேங்கிய மழைத் தண்ணீரில் ஓட்டிய வண்டிகளின் ஹப் மோட்டாரை (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்) திறந்தால் காந்தத்தின் நிக்கல் பூச்சு புடைத்திருக்கிறது. தொட்டால் சாம்பல் நிறத் தூளாகக் கொட்டுகிறது. இரும்புத் துரு இப்படி இருக்காதே? காந்தத்தை மட்டும் மாற்றினால் போதுமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அது வெறும் இரும்புத் துரு இல்லை. இந்தக் காந்தம் 2 நியோடிமியம், 14 இரும்பு, 1 போரான் என்ற கணக்கில் அணுக்கள் சேர்ந்த சேர்மம். அதன் நுண்ணிய பரல்களைப் பிடித்து வைத்திருப்பது நியோடிமியம் மிகுந்த மெல்லிய படலம். செங்கலுக்கு நடுவே சாந்து மாதிரி. ஈரம் பட்டதும் முதலில் கரைவது இந்தச் சாந்துதான். நியோடிமியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடாகிறது, ஹைட்ரஜன் வெளிவருகிறது. அந்த ஹைட்ரஜன் பக்கத்துப் படலத்துக்குள் புகுந்து அதையும் உப்ப வைக்கும். சாந்து போனால் செங்கல் நிற்குமா? பரல்கள் காந்தத்தன்மையோடேயே உதிர்கின்றன. அதனால்தான் அந்தத் தூள், மோட்டாரின் சுழலாத கம்பிச்சுருள் பகுதியான ஸ்டேட்டரில் மீசை மாதிரி ஒட்டிக்கொள்கிறது.

நம் கடலோர உப்பு இதை விரைவுபடுத்தும். நிக்கல் பூச்சில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் பூச்சு தப்பித்து, அடியில் உள்ள காந்தம் அரிபடும். தண்ணீர் நுழையும் வழியையும் பாருங்கள். ஓடிச் சூடான மோட்டார் தண்ணீரில் இறங்கினால் உள்காற்று குளிர்ந்து சுருங்கி, அச்சில் வயர் நுழையும் இடம் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அந்த இடத்தையும் மூடியின் சீலையும் சரிசெய்யாமல் காந்தத்தை மட்டும் மாற்றினால் வண்டி திரும்ப வரும்.

அதைச் சரிசெய்துவிட்டுக் காந்தத்தை மாற்றலாம். பழையதைக் கழற்ற ஹீட் கன் பிடிக்காதீர்கள்: சாதாரணத் தரம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும், பக்கத்தில் உள்ள நல்ல காந்தங்களும் கெடும். மர ஆப்பு வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். புதியது அதே நீளம், அகலம், தடிமன்; தரக் குறியீட்டின் கடைசியில் 'எச்' இருந்தால் 120 டிகிரி, 'எஸ்எச்' என்றால் 150 வரை தாங்கும். டிஸ்ப்ரோசியம் என்ற உலோகத்தைச் சேர்ப்பது இதற்குத்தான், விலை ஏறுவதும் அதனால்தான். காந்தம் ஒட்டும் வளையத்தை எமரி தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 120 டிகிரி தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் இரு கலவை எபாக்ஸியால் ஒட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை சூட்டில் இளகிவிடும்.

வடக்கு, தெற்கு மாறி மாறி வர வேண்டும். ஒரு சின்னக் காந்தத்தின் ஒரு முகத்தில் பெயின்ட் தொட்டு, அந்த முகத்தையே ஒவ்வொரு காந்தத்துக்கும் வரிசையாகக் காட்டுங்கள்: ஒன்று இழுக்க வேண்டும், அடுத்தது தள்ள வேண்டும். ஒன்று திரும்பி ஒட்டியிருந்தாலும் மோட்டார் உறுமும், அதிரும். பொருந்தவில்லை என்று கிரைண்டரில் மட்டும் தேய்க்காதீர்கள்; பூச்சு போகும், தூள் தீப்பற்றும்.

கேள்வி: பெட்டிக்கடை லைட்டரில் இருக்கும் 'கல்' அருமண் உலோகம் என்கிறார்களே, உண்மையா?
– மாணவி, புதுச்சேரி

பதில்: உண்மை, அது கல்லே இல்லை. சீரியம், லாந்தனம் முதலிய அருமண் உலோகங்கள் (மேலே சொன்ன நியோடிமியமும் இந்தக் குடும்பம்தான்) கலந்த கலவையோடு இரும்பு சேர்த்துச் செய்தது. ஆஸ்திரிய வேதியியலாளர் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சக்கரம் உரசிச் சீவும் துகள் அந்தச் சூட்டிலேயே காற்றில் எரிகிறது; இரும்பு சேர்ப்பது அது சீவும்படி கடினமாக இருக்கத்தான். அடுப்படியில் 'டிக்' என்று அழுத்தும் லைட்டர் வேறு. அதில் அழுத்தத்தால் மின்பொறி வருகிறது.

கேள்வி: கடலூர் சில்வர் பீச்சில் காந்தத்தில் ஒட்டும் கருமணல் அருமண் தாதுவா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: இல்லை. கருப்பாக ஒட்டுவது பெரும்பாலும் மேக்னடைட், இல்மனைட் என்ற இரும்பு கலந்த தாதுக்கள். அருமண் தாதுவான மோனசைட் தேன் நிறத்தில் இருக்கும், சாதாரணக் காந்தத்துக்கு அசையாது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் அதைப் பிரிக்கிறார்கள். அதில் கதிரியக்கத் தோரியமும் இருப்பதால் அது அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள்.