அலுவலகத்தில் பெண்கள் ஒருவருக்கொருவர் வழிகாட்டுவதால் என்ன பயன்?

வழிகாட்டுதல் என்பது பாடம் நடத்துவதல்ல. சம்பள உயர்வை எப்போது கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்பது போல எங்கும் எழுதிவைக்காதவற்றை, முன்னால் போனவர் சொல்லித் தருவது. இவை பெரும்பாலும் டீக்கடைப் பேச்சில் கைமாறுகின்றன. அந்த வட்டத்தில் பெண்கள் குறைவு என்பதால், இன்னொரு பெண் சொல்லித் தருவது பெரிய உதவி. புது ஊரில் பஸ் ஏறுபவருக்குப் பெயர்ப் பலகையைவிடப் பக்கத்து சீட்டுக்காரர் உதவுவதில்லையா, அப்படித்தான்.

ஆதரவு இதற்கு அடுத்த படி. ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பெண் அதிகாரிகள் ஓர் உத்தி வைத்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருவர் முக்கியமான யோசனை சொன்னால், மற்றவர்கள் அவர் பெயரோடு அதைத் திரும்பச் சொல்வார்கள். பிறகு அதை வேறு யாரும் தனதென்று சொல்லிக்கொள்ள முடியாது. செலவே இல்லாத தந்திரம்!

இதைச் சலுகை என்று நினைப்பவர்கள் உண்டு. யோசனை அவருடையதுதான், அது யாருடையது என்பது மறைக்கப்படவில்லை, அவ்வளவே.