போலீஸ் வேலை ஒருவரின் குணத்தையே மாற்றிவிடுமா?

உங்கள் அண்ணன் கோலாலம்பூர் செந்தூலில் பதினொரு வருஷமாக போலீஸ் ரோந்துக் காரில் (எம்.பி.வி.) இருக்கிறார், வீட்டிலும் போலீஸ்காரராகவே நடந்துகொள்கிறார், பேச்சு குறைந்துவிட்டது என்கிறீர்கள்.

குணம் என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். ரோந்துக்காரர் ஷிப்டு முழுக்க எதிரில் வருபவரின் கையைக் கவனிக்கிறார். முகத்தையே பார்த்தால் கத்தியைத் தவறவிடுவார். இந்தப் பழக்கம் யூனிஃபார்மோடு கழன்று விழாது. மாமாக் சாப்பாட்டுக் கடையில் வாசல் தெரிகிற நாற்காலியைத்தான் பிடிப்பார். பிள்ளை பள்ளிக்கூடக் கதை சொன்னால் "எத்தனை மணிக்கு? கூட யார்?" என்பார். டூட்டி முடிந்ததும் அந்த விழிப்பு மொத்தமாகச் சரிகிறது. சோபாவில் சாய்ந்தவரைக் கூப்பிட்டாலும் பதில் வராது. வீட்டார் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு சண்டை பிடிப்பதுதான் பாவம்.

வந்தவுடன் கேள்வி கேட்காமல் அரை மணி நேரம் விடுங்கள். குளித்து, உடை மாற்றட்டும், பிறகு பேசலாம். இரவு ஷிப்டென்றால் கடைசி ஆறு மணி நேரத்தில் தே தாரிக் (ஆற்றிய பால் டீ), காப்பி வேண்டாம். உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். தூக்கத்துக்காக மது குடிப்பவர்களும் உண்டு. பீர் சீக்கிரம் தூங்க வைக்கும், பின்பாதித் தூக்கத்தைக் கெடுக்கும்.

இதைவிட மெதுவாக அரிப்பது இன்னொன்று. தைப்பூசத்துக்கு லீவு கிடைக்காது. பத்துமலையில் 272 படிக்கட்டின் அடியில் சொந்தத் தம்பி காவடியோடு வர, இவர் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு நிற்பார். சில வருஷம் இப்படிப் போனால் உறுமி மேளக்காரர், மாமா, ஃபுட்சல் கோல்கீப்பர் எல்லாம் உதிர்ந்து போலீஸ்காரர் மட்டும் மிஞ்சுகிறார். அப்புறம் இடமாற்றமோ ஒழுங்கு நடவடிக்கையோ ஓய்வோ வந்தால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இருக்காது. பழைய ஒன்றையாவது வாரம் ஒருமுறை திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்கள். புது நண்பர்களைவிடப் பழைய குழு சுலபம்.

கெட்ட கனவு, சம்பவம் நடந்த சாலையைச் சுற்றிப் போவது, சின்னச் சத்தத்துக்கும் துள்ளுவது, எதிலும் ஒட்டாத மனசு: இவை ஒரு மாதம் தாண்டி நீடித்தால் பி.டி.எஸ்.டி.யா (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) என்று பார்க்க வேண்டும். அவரே தாக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. சிறுவர் வன்கொடுமைக் கோப்புகளைத் திரும்பத் திரும்பக் கையாளும் விசாரணை அதிகாரிக்கும் இது வரும்.

படைக்குள்ளேயே கவுன்சலிங் உண்டு. பதவி உயர்வு கெடும் என்று பயந்தால் அரசாங்கக் கிளினிக்கில் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தத்தை அளக்கும் டாஸ்-21 கேள்வித்தாள் கேட்கலாம், 21 கேள்விதான். தேவைப்பட்டால் அங்கேயே மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்து கொடுத்தால் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பலர் இரண்டாம் வாரமே "ஒன்றும் ஆகலை" என்று தூக்கிப் போடுகிறார்கள்.

சாவைப் பற்றிப் பேசினால் அன்றிரவே துப்பாக்கி வீட்டில் இருக்கக்கூடாது. அண்ணன் கோபித்தாலும் ஸ்டேஷன் தலைவரிடம் சொல்லி ஆயுத அறையில் ஒப்படைக்க வையுங்கள். 2023 முதல் மலேசியாவில் தற்கொலை முயற்சி குற்றம் இல்லை, அதனால் அழைக்கத் தயங்க வேண்டாம்: மனநல உதவி எண்கள் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, ஹீல் 15555, ஆபத்தென்றால் 999.